நடுவில் எடுத்த மூச்சு

அன்று காலை மந்திரக் கல்லூரியின் கம்பளி அறையில் இருந்தவர்கள்: பதிவாளர். விழிப்பு மந்திரத் துறைப் பேராசிரியை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் உடும்பு. தண்ணீர்க் குடத்தோடு வந்த குடக்காரர். தையற்காரியான என் அக்கா. ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஈரக் காலுறையோடு நேராக வந்திருந்த நான்.

அந்த அறையின் நான்கு சுவரிலும் கூரையிலும் கம்பளி அடித்திருப்பார்கள். வெறும் சுவராக இருந்தால் சொல்லும் மந்திரம் அதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வருபவன் காதில் விழும். கம்பளி எல்லாவற்றையும் குடித்துவிடும். அதனால் அங்கே நனைந்த நாயின் வாடை அடிக்கும். படிக்கும்போதே எனக்கு அது பிடிக்காது. நான் படித்ததும் கொஞ்ச நாள்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கல்லூரியின் சட்டம் தெரியும். பாதியில் போகிறவன் கற்ற மந்திரத்தைத் திருப்பித் தரவேண்டும். குடத்துத் தண்ணீரின் மேல் குனிந்து சொன்னால், மந்திரம் நாக்கை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கும். அந்தத் தண்ணீரைத்தான் அடுத்த வருடம் சேருகிற பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்து அதே மந்திரத்தைக் கற்றுத்தருவார்கள். படிப்பு அங்கே உண்மையிலேயே தண்ணீர் பட்ட பாடு.

என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் தேர்வில் தோற்று வெளியேறியவன். தோற்றவனிடம் திருப்பி வாங்க என்ன இருக்கிறது?

நான் கற்றது ஒன்றே ஒன்று, விதையை எழுப்பும் மந்திரம். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவேண்டும். எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு குட்டை. நடுவில் ஒரு தடவை இழுத்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொல்லமுடியும். தேர்வன்று பேராசிரியை என் உள்ளங்கையில் ஓர் அவரை விதையை வைத்தார். மற்ற பிள்ளைகளின் விதைகள் ஓட்டைப் பிளந்துகொண்டு முளைவிட்டன. என்னுடையது சற்று ஊதியது. அவ்வளவுதான். "இது மந்திரம் இல்ல. போய் உக்காரு" என்றார். அன்று அவரைத் திட்டாத திட்டு இல்லை.

பிறகு அக்காவின் வலது கையில் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டி விழுந்தது. தோல் ஆறிவிட்டது, விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் தொட்டது எதுவும் தெரியவில்லை. ஊசி ஏறினாலும் தெரியாது. பட்டையும் பருத்தியையும் கண்ணால் பார்த்துத்தான் சொல்லமுடிந்தது. தையற்காரிக்கு அது கண் போனதற்குச் சமம். ஒரு நாள் விடியலில் வேலை முடிந்து வந்தவன், வேறு வழி தெரியாமல் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு என் உடைந்த மந்திரத்தைச் சொல்லிவைத்தேன். "டேய், எறும்பு ஊருதுடா" என்று கத்தினாள். அன்று சாயங்காலம்வரை விரல்களுக்கு உணர்வு இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கையைப் பிடித்து முணுமுணுத்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். இதைத் தியாகம் என்று யாரும் சொல்லவேண்டாம். பல் தேய்ப்பதுபோல ஒரு வேலை.

கல்லூரி எழுத்தர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை கல்லூரிக் காவலாளி அக்காவின் தையல் கடை வாசலில் எனக்காக நின்றார். இப்படித்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

"குடத்துல சொல்லு" என்றார் பதிவாளர். தூக்கம் கெட்ட முகம். கெட்ட மனிதர் இல்லை. சட்டத்தைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாதவர்.

குனிந்து சொன்னேன். ஏமாற்றவில்லை. தெரிந்தபடி, நடுவில் மூச்சு இழுத்து, முடித்தேன். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. என் மூக்குதான் அதில் தெரிந்தது.

"இன்னொரு தடவை."

சொன்னேன். குடக்காரர் குடத்தை ஆட்டிப் பார்த்தார். "சார், குடத்துல ஓட்டை இல்ல. தண்ணியும் புதுசு. இவர் சொல்றது உள்ள இறங்கமாட்டேங்குது."

"வேணும்னே மூச்சு வாங்கறான்."

"அவனுக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் சார்" என்றாள் அக்கா. "ரெண்டு மாடி ஏறினா நாய் மாதிரி இரைப்பான்."

"அக்கா, போதும்."

"உண்மையத்தானேடா சொல்றேன்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருப்பித் தர முடியலைன்னா நாக்கைக் கட்டணும். வேற வழி கிடையாது. பேசலாம், சாப்பிடலாம். மந்திரம் மட்டும் வராது, இனி எப்பவும்."

அக்கா தன் வலது கையை இடது கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியை திரும்பினார். "கட்டறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். இந்தப் பொண்ணு கையில சொல்லட்டும்."

அன்று காலை அவசரத்தில் அக்காவின் கைக்கு நான் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. பேராசிரியை அவள் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றை எடுத்து, ஆள்காட்டி விரலில் லேசாகக் குத்தினார். அக்கா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரல்களைப் பிடித்துச் சொன்னேன். பேராசிரியை மறுபடியும் குத்தினார்.

"அம்மாடி!" என்று கையை உதறினாள் அக்கா. "ஏன் மேடம், ஒரு தடவை பாத்தா பத்தாதா?"

குடக்காரர் சிரித்துவிட்டார். பதிவாளர் முறைத்ததும் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

பேராசிரியை சிரிக்கவில்லை. அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணை அழுத்தி, நிறம் திரும்புவதைக் கவனித்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

பதிவாளரின் குரல் இறங்கியிருந்தது. "சரி. ஒண்ணு செய்யலாம். திரும்பச் சேந்துக்கோ. முதல் வருஷத்துலேர்ந்து. விடுதி உண்டு, சாப்பாடு உண்டு. மேடம் மூச்சுப் பயிற்சி குடுத்து மந்திரத்தைச் சரியா சொல்ல வைப்பாங்க. மாணவனா இருக்கறவன் எதையும் திருப்பித் தர வேண்டியதில்ல. நாக்கையும் கட்ட வேண்டியதில்ல."

எனக்கு அந்த ஆசை இல்லை என்று சொன்னால் அது புளுகு. இரவெல்லாம் ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்துத் தள்ளுகிறவனுக்கு, பகலில் விழித்திருந்து படிப்பது என்ற எண்ணமே விருந்து. அந்த நாய் வாடைகூட அப்போது கொஞ்சம் நன்றாக இருந்தது.

அக்கா என் முழங்கையில் இடித்தாள். "சரின்னு சொல்லுடா. என்ன யோசனை? அரைகுறையா சொல்லியே என் கை இவ்ளோ வேலை செய்யுது. சரியா சொன்னா நான் ரெண்டு கடை வைப்பேன்."

"அங்கதான் சிக்கல்" என்றார் பேராசிரியை.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அது விதை ஓட்டை உடைக்கற மந்திரம். ஒரே மூச்சுல சொன்னா எதிர்ல இருக்கறதைப் பிளந்துதான் எழுப்பும். விரல்ல சொன்னா தோல் நிக்காது. இவன் நடுவுல மூச்சு எடுக்கறான், அதனால பாதி வேகம் செத்துப்போகுது. மிச்சம் இருக்கற பாதிதான் உன் கைக்கு ஒத்துக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. ஒரு தடவை சரியா வந்துட்டா, அப்புறம் நீயே நினைச்சாலும் தப்பா சொல்ல வராது. நீச்சல் தெரிஞ்சவன் மூழ்க முடியாத மாதிரி. யோசிச்சு முடிவு பண்ணு."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் அன்றே சேர்ந்திருப்பேன். அவருக்கும் துறையில் ஒரு பையன் கூடியிருப்பான், பதிவாளருக்கும் தலைவலி தீர்ந்திருக்கும்.

"அப்பவும் சேருடா" என்றாள் அக்கா. "ஐஸுல நின்னு நின்னு உனக்கு நெஞ்சு வீணாப்போகுது. நான் இடது கையால பழகிக்கறேன்."

"இடது கையால உனக்கு மூக்குச் சிந்தவே வராது."

"பழகினா வரும்."

"பழகறதுக்குள்ள மூக்கு இருக்குமா?"

"விளையாடாதடா. நான் நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. தன் கைக்கு மேல் என்னை வைத்து யோசிக்க உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறாள் என்பது ஒருவனுக்குப் பெரிய விஷயம். அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

"நான் சேரலை சார்" என்றேன்.

பதிவாளர் பெருமூச்சு விட்டார். "அப்போ நாக்கைக் கட்டித்தான் ஆகணும். எங்க மந்திரத்தை வெளிய விட்டுவைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"எங்க மந்திரமா?" என்றார் பேராசிரியை. "எது?"

"இப்போ இவன் சொன்னது."

"அது மந்திரமே இல்லைன்னு அன்னிக்கே ஃபெயில் போட்டேன். இந்தத் துறையில எது மந்திரம், எது இல்லைன்னு சொல்ற வேலை என்னுது. குடமும் அதையேதான் சொல்லுது. நம்ம மந்திரமா இருந்தா இறங்கியிருக்கணுமே."

"ஆனா மேடம், வேலை செய்யுதே!"

"தப்பு சில நேரம் வேலை செய்யும். பையன் பண்ற தப்புக்கெல்லாம் கல்லூரி சொந்தம் கொண்டாடினா, இந்தக் கட்டடத்துல குடம் வைக்க இடம் பத்தாது."

குடக்காரர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

"நீங்க அந்த மார்க்கை மறுபரிசீலனை பண்ணினா..." என்று இழுத்தார் பதிவாளர்.

"நான் போட்ட மார்க்கை மாத்தினதா சரித்திரம் இல்ல."

அது உண்மை. உடும்பு என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், பெற்றோர் வந்து கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு மார்க் நகர்ந்ததில்லை. அந்தப் பிடியை அன்று என் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கல்லூரியே சேர்ந்து இழுத்தாலும் விடாது.

பதிவாளர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க எதுவும் மிச்சமில்லை. கடைசியில், "சரி, இவன்கிட்ட மந்திரம் இல்ல. ஆனா கெட்டுப்போன ஒண்ணு நாக்குல இருக்கு" என்றார். "இது பிள்ளைங்க காதுல விழுந்தா எல்லாரும் நடுவுல மூச்சு எடுக்க ஆரம்பிப்பாங்க. அதனால இவன் இனி இந்த வளாகத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. மாணவனா இல்ல, விருந்தாளியா இல்ல, கூரை மாத்தற கூலியாக் கூட இல்ல. சம்மதமா?"

"சம்மதம் சார்."

"இப்பவே."

"சரி சார். உங்களுக்கும் நன்றி."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மனிதர் நினைத்திருந்தால் மேலிடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். குனிந்து மேசையில் எதையோ தேடினார்.

பிள்ளைகள் நடமாடும் முன்வழி வேண்டாம் என்று பின்பக்கக் கதவு வழியாக அனுப்பினார்கள். சமையலறைக்கும் குடங்கள் அடுக்கிய அறைக்கும் நடுவில் போகிற குறுகலான நடை அது. வாய் கட்டிய குடங்கள் இருபக்கமும் வரிசையாக இருந்தன. சிலது நாங்கள் கடக்கும்போது மெல்ல முனகின. அக்கா அங்கே நிற்கப் பிடிக்காமல் முன்னால் ஓடித் தெருவுக்கே போய்விட்டாள். பேராசிரியை இடுப்பில் சாவிக்கொத்து கலகலக்க என் பின்னால் வந்தார். அந்தக் கதவின் சாவி அவரிடம்தான் இருந்தது போல.

வாசற்படியில் நின்றேன். பேச்சு என் தொழில் இல்லை. இருந்தாலும் அதைச் சொல்லாமல் போனால் அன்று பகல் தூக்கம் வராது என்று தோன்றியது.

"மேடம், என்னை ஃபெயில் போட்டதுக்கு நன்றி."

"நன்றியெல்லாம் பாஸானவங்க சொல்றது" என்றார். "நான் பூட்ட வேண்டிய வாசல்ல நிக்கற. நகரு."

"உங்களை அன்னிக்கு ரொம்பத் திட்டினேன்."

"எல்லாரும் திட்டுவாங்க. நீ கொஞ்சம் நல்லாத் திட்டியிருப்ப, மூச்சு வாங்கி வாங்கி." முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "அந்த விரலைக் குளிர்ல காட்ட வேணாம்னு சொல்லு. நீ அவ கையைப் பிடிச்சு சொல்றப்போ அவசரப்படாத. நடுவுல நிதானமா மூச்சு எடு."

தெருவில் இருந்து அக்கா கத்தினாள். "வாடா! கடையைத் திறக்கணும், கஸ்டமர் நிப்பாங்க!"

படி இறங்கினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஈரக் காலுறைக்குள் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறின. என் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.