ஒட்டகச்சிவிங்கியின் கோடு

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸில் பதினோரு வருஷமாகச் செக்கராக இருக்கிறேன். தைத்து வருகிற பேண்ட்டை டேபிளில் விரித்துப் பார்ப்பேன். தையல் விட்ட இடம், நூல் தொங்குகிற இடம், அளவு கால் இஞ்ச் பிசகின இடம், எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். டெய்லர் பெண்கள் எனக்குப் பின்னால் என்னை ‘ஸ்டிக்கரக்கா’ என்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சுந்தரம் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து ஆறில், எங்கள் லைனில் இருந்து போன சரக்கில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை என்று கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார்கள். ஹோசூர் ரோட்டில் புதிதாக வந்திருந்த நீலதாரா வாட்டர் பார்க் ஹோட்டலில் குடும்பத்தோடு ஒரு நாள் தங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு. சாப்பாடும் உண்டு. என் மகள் சிந்துவுக்கு அப்போது ஒன்பது வயசு. அந்தச் சீட்டை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கே இல்லை.

“அம்மா, நீயும் தண்ணில எறங்குவ இல்ல?”

“நான் எதுக்குடி? பைய யாரு பாத்துக்கறது?”

எங்கே போனாலும் பை பார்த்துக்கொள்கிற ஆள் நான்தான். லால்பாகில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். மெரினாவில் அப்பாவும் மகளும் முட்டி நனைய நின்றபோது மணலில் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். எங்கள் ஆல்பத்தில் என் படம் அநேகமாகக் கிடையாது. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதும் இல்லை. சிந்து மட்டும் அந்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் கேட்பாள், “இதுல நீ எங்கம்மா இருந்த?”

பெரிய ஹோட்டல், நாலு பேர் வந்து போகிற இடம் என்று நான் அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். சிந்துவுக்குக் கணுக்காலை மறைக்கிற பட்டுப் பாவாடை. சுந்தரத்துக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. ஆட்டோவை விட்டு இறங்கினால் வாசலில் எல்லோரும் அரை டிரவுசரும் ரப்பர் செருப்புமாக நிற்கிறார்கள். செக்யூரிட்டி எங்களைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, மரியாதையாகக் கையைக் காட்டினார்.

“கல்யாண மண்டபம் அந்தக் கேட்டு மேடம். முகூர்த்தம் ஆரம்பிச்சாச்சு, சீக்கிரம் ஹோகி, போங்க.”

சுந்தரம் அவர் காட்டிய பக்கம் நாலு எட்டு நடந்தே விட்டார். நான் சீட்டை நீட்டிய பிறகுதான் அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே விட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த ஹோட்டலில் என்னென்ன ஓட்டை இருக்கிறதோ அத்தனையையும் பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ரூமுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மடித்துத் தைத்த ஓரம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. தலையணை உறையை உள்பக்கம் திருப்பினேன். ஒரு பிசிறு இல்லை. பாத்ரூமில் டைல்ஸ் சேர்கிற இடத்தை நகத்தால் கீறினேன், அழுக்கு வரவில்லை. துண்டை வாத்து மாதிரி மடித்துக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்கக்கூடாது என்று சிந்து காவல் நின்றாள்.

பால்கனியில் நின்றபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழே முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் வருகிற தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவள் நான். இங்கே அது அருவி மாதிரி மேலிருந்து கொட்டி, ஆறு மாதிரி வளைந்து ஓடி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. சுத்தம் செய்து அதே தண்ணீரைத்தான் சுற்றி விடுகிறோம் என்று ரூம் பையன் சொன்னதும் என் வயிற்றெரிச்சலும் அடங்கியது. பெரிய தொப்பைக்காரர் ஒருவர் டியூபில் மல்லாந்து படுத்துத் தூங்கியபடியே அந்த ஆற்றில் சுற்றிச் சுற்றி வந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கீழே இறங்கிப் போனோம். குளத்தின் அடியில் கிடந்த ஹேர்பின்கூடத் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகள் குளத்தின் ஓரம் ஒரு பெண் விசிலை வாயில் வைத்தபடி, கண்ணை எடுக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். அவளும் ஒரு செக்கர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் நீல நிறத்தில் ஒரு பெரிய சறுக்குக் குழாய், மூன்று மாடி உயரம். அதன் அடியில் போர்டு. சிந்து அதன் முன் நெடுநேரம் நின்று படித்தாள். பிறகு எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நாலே கால் அடிக்குக் குறைந்த பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது, அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் இரண்டு பேர் டியூபில் போகலாம். உயரம் பார்க்க மரத்தால் செய்த ஒரு ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்தில் சிவப்புக் கோடு. சிந்து பட்டுப் பாவாடையோடு போய் அதை ஒட்டி நின்றாள். தலை கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது.

“சல்ப கம்மி பாப்பா, கொஞ்சம் ஒசரம் பத்தல,” என்றார் அங்கே டியூப் கொடுக்கிற முனிகிருஷ்ணன். “அப்பா வரட்டும்.”

அப்பா வர முடியாது. சுந்தரத்துக்குக் காதுச் சவ்வில் ஓட்டை. தண்ணீர் பட்டால் சீழ் கோத்துக்கொள்ளும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் காதைத் தொட்டுக்காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். முனிகிருஷ்ணனும் என்னைப் பார்த்தார்.

“சேலையோட விட மாட்டோம் மேடம். காஸ்ட்யூம் அங்க கெடைக்கும்.”

காஸ்ட்யூம் என்றால் பேண்ட். என் அம்மா வீட்டிலும் சரி, மாமியார் வீட்டிலும் சரி, பேண்ட் போட்ட பெண் கிடையாது. அதுவும் உடம்போடு ஒட்டுகிற நைலான், இத்தனை ஜனத்துக்கு நடுவில். சிந்து அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் அழவில்லை.

“பரவால்லம்மா. நான் சின்னக் குளத்துலயே ஆடறேன்,” என்று சொல்லிவிட்டு அந்தக் குழாயையே பார்த்தாள். அந்தப் பரவால்லதான் என்னைக் கொன்றது.

காஸ்ட்யூம் கவுண்டரில் ஜூடித் என்ற பெண் இருந்தாள். கழுத்துப் பட்டையில் பெயர் எழுதியிருந்தது. அவள் கொடுத்த முதல் பேண்ட்டை, பழக்க தோஷம், உள்பக்கம் திருப்பி இழுத்துப் பார்த்தேன். தொடை சேர்கிற இடத்தில் மூன்று தையல் விட்டிருந்தது. காலையிலிருந்து நான் கண்டுபிடித்த முதல் குற்றம் அதுதான். திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் இடுப்பு எலாஸ்டிக் தொய்வு.

“நீங்க போட்டுக்கப் போறீங்களா மேடம், இல்ல ஆர்டர் எடுக்க வந்தீங்களா?” என்றாள் ஜூடித்.

“ரெண்டும் இல்லம்மா, பயந்துக்கிட்டு நேரத்தக் கடத்தறேன்,” என்றேன். அவள் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து, உள்ளிருந்து புதுசாக ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அதில் சொல்ல ஒன்றுமே இல்லை.

உடை மாற்றுகிற அறையில் கண்ணாடி முன்னால் நின்றேன். ஒரு நாளைக்கு அறுநூறு பேண்ட் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் பேண்ட்டுக்குள் என் கை போயிருக்கிறது, கால் போனதில்லை. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். சுந்தரம் கேலி செய்யப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். “நல்லாத்தான்டி இருக்கு. பொடவையக் குடு, நான் பாத்துக்கறேன்,” என்று பட்டைக் கசங்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவரைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

சிந்து காஸ்ட்யூமோடு ஓடி வந்தாள். முனிகிருஷ்ணன் இரண்டு பேர் டியூபை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாடி ஏறி நின்றால் ஹோசூர் ரோட்டில் போகிற லாரிகள் தெரிந்தன. சிந்து முன்னால், நான் பின்னால். மேலே நின்ற ஆள் தள்ளிவிட்டான். அப்புறம் நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. இருட்டு, வளைவு, தண்ணீர், திடீரென்று வெளிச்சம், குளத்தில் குப்புற விழுந்து எழுந்தேன். கொண்டை அவிழ்ந்து முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

அந்தக் குழாயைச் செய்தவன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். எத்தனையோ துண்டுகளைச் சேர்த்து ஒரே குழாயாக்கியிருக்கிறார்கள். ஒரு சேர்க்கைகூட டியூபைத் தட்டவில்லை.

மறுபடியும் போனோம். அப்புறம் இன்னொரு தடவை. துண்டு எங்கே போயிற்று என்று நான் தேடவே இல்லை. நாலாவது தடவை வரிசையில் நின்றபோது சிந்து ஒட்டகச்சிவிங்கியின் மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள். முனிகிருஷ்ணன் அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

“மேடம், பாப்பா தனியாவே போலாமே. கோட்டுக்கு மேல இருக்காளே.”

திரும்பிப் பார்த்தேன். அவள் தலை சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. காலையில் இரண்டு விரற்கடை கீழே. எந்தப் பிள்ளையும் அரை நாளில் நாலு விரற்கடை வளராது. ஜூன் மாதம் ஸ்கூல் டைரியில் எழுத இவள் உயரத்தை அளந்ததே நான்தான், நாலடி ஐந்து இஞ்ச். கால் இஞ்ச் பிசகினால் பிடிக்கிற எனக்குக் காலையில் அது நினைவுக்கே வரவில்லை.

“சிந்து.”

அவள் சட்டென்று நகர்ந்து நின்று கால் விரலைப் பார்த்தாள்.

“பாவாடைக்குள்ள முட்டிய மடக்கிக்கிட்டேன்மா.”

“ஏன்டி?”

“இல்லன்னா நீ பை பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப.”

முதலில் கோபம்தான் வந்தது, அது என் சுபாவம். அப்புறம்தான் உறைத்தது. எனக்காக ஒருத்தி இத்தனை திட்டம் போட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

“ஒரு ஆள் டியூப் குடுக்கட்டுமா மேடம்?” என்று கேட்டார் முனிகிருஷ்ணன்.

“வேணாங்க. ரெண்டு பேர் டியூபே குடுங்க,” என்றேன். “அவ தனியாப் போயிடுவா. எனக்குத்தான் தொணை வேணும்.”