மூன்று நாடகங்களுக்கு ஒரே கதவு

என் அக்கா புருஷனை எல்லோரும் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷர் கடலில் கால் நனைத்தது கூட இல்லை. பல வருடம் கழித்து வீடு திரும்பும் கப்பல் தலைவனாக முப்பது வருடம் மேடையேறியவர். மனைவியாக நடிப்பது என் அக்கா. பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது நான். எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். வந்தவர் வாய் திறக்கும் முன்பே அவர் கேட்கப்போவதைச் சொல்லிப் பழகிய நாக்கு இந்த வேலைக்குத் தோதாக இருந்தது.

மாமாவுக்குச் சமீபமாக ஒரு கோளாறு. வசனம் மறக்கவில்லை. மறந்தாலாவது எனக்கு வேலை இருந்திருக்கும். எல்லா நாடகமும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒரே வசனம் இரண்டு நாடகத்தில் இருந்துவிட்டால் போதும், இந்த நாடகத்தில் நுழைந்து அந்த நாடகத்தில் வெளியே வருவார், இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த கடையில் ஆள் நழுவுகிற மாதிரி.

அன்று மத்தியானக் காட்சிக்கு முன்னால், கம்பெனி முதலாளி அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு தடவை தடம் மாறட்டும்மா, நாளையிலேர்ந்து வேற ஆளு."

"நான் பாத்துக்கறேன்."

"முப்பது வருஷமா நீதானே பாத்துக்கறே?"

"அதான் சொல்றேன்."

அவர் போனதும் அக்கா பவுடர் பஞ்சைக் கீழே வைத்தாள். "மேடை இல்லேன்னா இந்த மனுஷன் எழுந்து பல்லுகூட விளக்க மாட்டார்டா. கண்ணை எடுக்காம பாரு" என்றாள்.

இரண்டாம் காட்சி. ஜன்னலுக்கு வெளியே துணியில் வரைந்த கடல், கயிற்றை இழுக்க இழுக்க மெல்ல அசைந்தது. மாமா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கப்பல் தொப்பி, வெள்ளைத் தாடி.

"இன்னுமா விளக்கு எரியுது?"

நான் வசனப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். திருடன் நாடகத்திலும் இதே வசனம்தான், இதே மாதிரி கதவு.

"உங்களுக்காகத்தான்" என்றாள் அக்கா.

மாமா குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போட்டே, தொலைச்சுடுவேன். பீரோ சாவி எங்கே?"

இத்தனை வருடம் காத்திருந்தவளிடம் முதல் கேள்வி பீரோ சாவி! பின்வரிசையில் ஒரு பெண், "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றாள். நான் சரியான வசனத்தைக் கிசுகிசுத்தேன். மாமா என் பக்கம் திரும்பி, திருடனுக்கே உரிய மரியாதையோடு உதட்டில் விரல் வைத்தார்.

அக்கா சமாளிக்கப் பார்த்தாள். "மொதல்ல கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அவசரத்தில் அவளும் வழுக்கிவிட்டாள். அது மூன்றாவது நாடகத்தில், ஓடிப்போன மகன் திரும்பி வரும்போது அம்மா சொல்லும் வசனம். மாமாவின் முதுகு நிமிர்ந்தது. அறுபத்தெட்டு வயது இருபதாயிற்று. தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்ல மண்டியிட்டு, அவள் மடியில் தலை வைத்தார்.

"அம்மா, நான் இனிமே எங்கேயும் போகல."

கயிறு இழுப்பவன் மெய்மறந்துவிட்டான், கடல் நின்றுவிட்டது. மேலிருந்த மஞ்சள் விளக்கு தூசியில் கரைந்து இறங்கியது. கப்பல்காரன் கூடமும் திருடன் புகுந்த வீடும் அந்த அம்மாவின் சமையலறையும், மெல்லிய மஸ்லின் துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தது போல, ஒன்றுக்குள் ஒன்று தெரிந்தன. நானூறு பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கையில் புத்தகம் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திருப்ப?

அக்கா அவர் தலையைக் கோதினாள். பிறகு எந்த நாடகத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

தலையைத் தூக்கினார். சபையைப் பார்த்தார்.

"நம்ம வீட்ல எதுக்கு இத்தனை பேரு?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. முதலாளி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பேரம் படிந்துவிட்டது, மாமாவுக்கு இன்னும் பத்து வருடம் மேடை உறுதி என்று நான் கணக்குப் போட்டேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "இது எந்த நாடகம்னு தெரியலம்மா. எல்லாத்துலயும் நீதான் இருக்கே. வீட்டுக்குப் போலாமா?"

அக்கா முதலாளியைப் பார்த்தாள். அவர் பல்லெல்லாம் தெரியக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் எழுந்து மாமாவின் கையைப் பிடித்து, முன்படி வழியாகச் சபைக்குள்ளேயே இறங்கினாள். ஜனங்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள், கைதட்டினார்கள். இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

நான் பக்கவாட்டுக் கதவால் ஓடினேன். வெளியே மூன்று மணி வெயில். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் முகப்பூச்சோடு நின்றிருந்தார்கள்.

"அக்கா, முதலாளி சிரிச்சாருக்கா! வேலை போகல!"

"பாத்தேன். பயந்துபோய் கேக்கற மனுஷனைக் காட்டி நாளைக்கும் சிரிக்க வைக்கச் சொல்வாரு. வேணாம்டா."

பஸ் வந்தது. மாமா அவளை முன்னால் ஏற்றிவிட்டார். "படி உயரம், பாத்து."

"மாமா, மூணாவது காட்சிக்கு நான் என்ன பண்றது?"

கம்பியைப் பிடித்தபடி திரும்பினார். பூச்சும் தாடியும் அப்படியே இருந்தன, முகத்தில் மட்டும் எந்த வேஷமும் இல்லை.

"நீயே போய் நடிடா மாப்ளே. எல்லா வசனமும் உனக்குத்தானே தெரியும்."