கணையத்தின் வால்

கண்டி சர்ஜன் எனக்கு எழுதிய கடிதம் நான்கே வரி: ஆண்டியப்பனின் கணையத்தில் புற்றுநோய் பிடித்த தலைப்பக்கத்தை வெட்டி எடுத்தாயிற்று. வால்பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன், அது வேலை செய்தால் சர்க்கரை வியாதி வராது. தினமும் சிறுநீரைச் சோதியுங்கள். சர்க்கரை கண்டால் உடனே இன்சுலின் போடுங்கள்.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நான். பெயர் சூசைரட்ணம். கோபம் எனக்கு மூக்கு நுனியில். ஆண்டியப்பன் வீடு திரும்பிய மறுநாள் காலை, மருந்துக்கு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், அவன் மனைவி காளியாயி வந்தாள்.

"மூத்திரத்த எதுலங்கையா புடிச்சிக்கிட்டு வரட்டும்?"

"எதுலயாவது கொண்டா, போ!" என்று எரிந்து விழுந்தேன்.

புருஷனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, சிறுநீரோடு வந்தாள். எதில் பிடித்தாள் என்று பாராமலே, சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. அத்தனை பாடுபட்டு மிச்சம்வைத்த வால் கைவிட்டுவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது.

இன்சுலினை ஊசியில் ஏற்றினேன். ஆண்டியப்பனின் கையைக் காளியாயி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என்னடா தின்ன?"

"ஒண்ணுமில்லீங்க. சக்கர வந்துருமோன்னு பயந்து வெறும் சுடுதண்ணிதான்."

ஊசி தோலைத் தொட்டிருந்தது. பட்டினி கிடந்தவனுக்கு இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது? சர்க்கரை இல்லாத உடம்பில் இன்சுலின் இறங்கினால் உயிரே போய்விடும். கையை இழுத்துக்கொண்டேன்.

"காளியாயி, எதுல புடிச்ச?"

"டின்பால் டப்பாவுலங்க. நேத்துதான் பால் தீந்துச்சு. அலசிட்டுத்தான் புடிச்சேன்."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தேத்தண்ணி குடிப்பதும் விளக்கு வைப்பதும் அந்த டப்பாவில்தான். அது எனக்குத் தெரியாததா? அவள் கொண்டுவந்திருந்த டப்பாவின் உள் விளிம்பில் விரலை விட்டுப் பார்த்தேன். டின்பாலில் கலந்திருந்த சீனி பிசுபிசுத்தது.

நானே ஒரு கண்ணாடிப் போத்தலைக் கழுவிக் கொடுத்தேன். பயத்தில் அவனுக்கு வரவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போத்தலில் கொஞ்சம் விழுந்தது.

மறுபடி விளக்கு. கொதித்தது, நீலம். இன்னும் கொதிக்கவிட்டேன். நீலமேதான். வால் வேலை செய்கிறது!

"அப்ப ஊசி வேணாமாங்க?"

"குத்தியிருந்தா ஆளு செத்திருப்பான்." ஏற்றியிருந்த ஊசியைக் காலி செய்தேன்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் புருஷனின் கையை விடாமல் என்னை நேராகப் பார்த்தாள்.

"காலையில நாங் கேட்டப்பவே ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா என்னங்கையா?"