காவல்காரன் கேட்ட கேள்வி

விளையாட வர வேண்டிய ஏஞ்சலுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் அலெக்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வழக்கம்போல ஆவூர் மாதா கோயில் ஹாலின் ஜன்னலோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு ஆளு கொறையுதுக்கா. நீங்க வந்து உக்காருங்களேன்," என்றான். மறுப்பேனா? உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரியாமல் மண்டை காய்ந்துகொண்டிருந்தது எனக்கு. கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஜாஸ்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாஸ்பின் பத்தாவது படிக்கிறாள். வீட்டில் தம்பியோடு வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஊமை. டீச்சர் கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் என் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள், பதிலை நான் சொல்வேன். பதினொன்றாவது படிக்க ஜூனில் திருச்சி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். அங்கே வயிறு வலிக்கிறது என்றாலும் அவள் வாயால்தானே சொல்ல வேண்டும்? அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. சைக்காலஜி படித்துவிட்டு வந்திருக்கும் அலெக்ஸ்தான், "சனிக்கெழம அனுப்பி வைங்கக்கா. வெளையாட்டுதான், ஆனா பேசித்தான் வெளையாடணும்," என்றான். பேசவே வராத பிள்ளைக்குப் பேசுகிற விளையாட்டா என்று நான் சிரித்தேன். நம் ஊரில் நீச்சலும் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் பழக்குவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

மேஜையில் காயும் இல்லை, கட்டமும் இல்லை. ஆளுக்கொரு தாள், இருபது முகம் வைத்த ஒரு பகடை, அவ்வளவுதான். அலெக்ஸ் கதை சொல்வான். கதைக்குள் நாம் ஓர் ஆள். என்ன செய்கிறோம் என்று நாமே சொல்ல வேண்டும்; கஷ்டமான காரியம் என்றால் பகடையை உருட்ட வேண்டும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். யாரோ ஒரு ராஜா குளத்து மடையைப் பூட்டிச் சாவியைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டானாம், வயலெல்லாம் காய்கிறதாம். கடற்கரையிலிருந்து வரும் உப்பு வியாபாரிகள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போய்ச் சாவியை எடுக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் மகன் சிவபிரகாஷ்தான் மல்லன். ஏஞ்சல் இடத்தில் நான் வைத்தியச்சி. என் மகள் திருடியாம். மாதாவே, பெத்த பிள்ளைக்கு இப்படி ஓர் ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

அலெக்ஸ் எழுந்து நின்று குரலை மாற்றினான். இப்போது அவன் கோட்டைக் காவல்காரன். "நில்லுங்க. எந்த ஊரு? யாரு வீட்டு ஆளுக?"

பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வராண்டாவில் முன்பின் தெரியாத அம்மா கேட்கும். கேட்டால் சொல்லாமல் இருப்பது மரியாதையா? வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஆவூருங்க. செபமாலை மருமக. இது எம்மவ ஜாஸ்பின், பத்தாவது படிக்கிறா. கொஞ்சம் கூச்ச சுபாவம், கேட்டாப் பேசமாட்டா."

"ஆன்ட்டி! நாம உப்பு யாவாரிங்க ஆன்ட்டி!" என்று சிவபிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அலெக்ஸுக்கே சிரிப்பு தாங்கவில்லை. காவல்காரன் விடவில்லை. "கடற்கரை உப்பு யாவாரின்னு வேஷம் கட்டிக்கிட்டு ஆவூர்லேருந்து வாரீங்களா? புடிச்சு உள்ள போடுங்கடா இந்தம்மாவ." அப்புறம் தன் சொந்தக் குரலில், "அக்கா, ஜெயில்ல இருக்கவங்க பேசக்கூடாது. வெளிய இருக்கவங்கதான் மீட்கணும்," என்றான்.

சிவபிரகாஷ் அடித்துப் பார்க்கிறேன் என்று பகடையை உருட்டினான். மூன்று விழுந்தது, மல்லன் மண்ணைக் கவ்வினான். மிச்சம் இருந்தது ஜாஸ்பின்தான்.

அவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். தம்பி, அவளை விட்டுடுப்பா, அவளால முடியாது என்று சொல்ல எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஜெயில் என்ன ஜெயில், பெத்தவ நான் என்று கோபமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே," என்றாள் ஜாஸ்பின். காவல்காரனைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அந்தம்மா கெட்டவங்க இல்லண்ணே. அடுத்தவங்கள்ட்ட கேட்டாலும் அவங்களே பதில் சொல்லிருவாங்க. பயம்ணே. நாங்க எதாச்சும் தப்பாச் சொல்லி அசிங்கப்பட்டுருவோம்னு பயம்."

எனக்குச் சுருக்கென்றது. கழுதை, யாரிடம் வந்து யாரைப் பற்றிச் சொல்கிறது! ஆனால் வெளியாள் ஒருவரிடம் என் மகள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்தால் பார்த்துவிடுவாளோ என்று துடைக்காமல் விட்டேன்.

காவல்காரன் இல்லாத மீசையைத் தடவினான். "சரி, தெறந்து விடுறேன். வெளிய வந்தா அந்தம்மா வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாங்களா? நீ பொறுப்பேத்துக்கிறியா?"

ஜாஸ்பின் மெதுவாகத் திரும்பி என்னை நேருக்கு நேராகப் பார்த்தாள். என்னை எடைபோடுகிற பார்வை. சும்மா இருப்பேன்டி, இருப்பேன்னு சொல்லுடி என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.