நீலப் பந்தின்மேல் ஸ்வரூபா

காலையில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயம் நின்றுபோயிருந்தது. கரீம்நகரை அடுத்த அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில், வலி வருவதற்கான மருந்து ஏற்றப்பட்டு, ஸ்வரூபா சுவரை நோக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுக்கு அது தலைப்பிரசவம், நிறைமாதம். மாலைக்குள் குழந்தை இறங்காவிடில் வயிற்றைக் கீறவேண்டி வரும் என்றும், அடுத்த பேற்றுக்கு அது நல்லதன்று என்றும் மருத்துவர் சொல்லிச் சென்றிருந்தார்.

வலி வந்தது. ஆயினும் வலிதோறும் அவள் முழங்கால்களை இறுகச் சேர்த்துக்கொண்டாள். ஸ்கேன் தவறாக இருக்கக்கூடும் என்று அவள் இன்னும் நம்பினாள்.

பேறுகாலச் செவிலி ரஜிதா, மூலையில் கிடந்த பெரிய நீலப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் அமர்ந்து இடுப்பை மெல்ல அசைத்தால் வலி சற்றே தணியும். குழந்தை இறங்கவும் வழியாகும். மாமியார் கொமுரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“பந்து வெளையாடுற நேரமா சிஸ்டர் இது? எழவு வீட்டுல யாராவது ஊஞ்சல் கட்டுவாங்களா?”

ரஜிதா கட்டிலருகே குனிந்தாள். கர்ப்பிணிகளுக்கான பயிற்சி வகுப்புகளில் இந்தப் பந்தை விட்டு எழவே மனமில்லாதிருந்தவள் நீயல்லவா என்று ஸ்வரூபாவிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்.

ஸ்வரூபா திரும்பாமலே பேசினாள். “அதுல உக்காந்தா இவன் உதைப்பான், சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் உதைப்பான். இப்ப உக்காந்து, உதைக்கலேன்னா?”

கொமுரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரஜிதா பந்தை அகற்றவுமில்லை, அருகே தள்ளவுமில்லை.

சில வலிகள் கடந்தபின் ஸ்வரூபா தானாகவே கால்களைக் கீழே இறக்கினாள். ரஜிதா தோளைப் பற்றிக்கொள்ள, பந்தின்மேல் அமர்ந்தாள். வகுப்பிற் செய்ததுபோல் இலேசாக எம்பி அமர்ந்து, வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். பின்னர்க் கையை மறுபுறம் மாற்றிவைத்துக் காத்திருந்தாள். கைக்கடியில் வயிறு இறுகிற்று, தளர்ந்தது. வேறொன்றுமில்லை.

“அத்தம்மா,” என்றாள். “இவன் போயிட்டான்.”

கொமுரம்மா அவளுக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டாள். “நான் இருக்கேன் பிள்ளே. சாஞ்சுக்கோ.”

ஸ்வரூபா அழுதாள். அழுகையிலே அவளுடைய முழங்கால்கள் விலகின. அடுத்த வலி வந்தபோது இடுப்பு தானே அசையத் தொடங்கிற்று. ரஜிதா காட்டிய இடத்தில், இடுப்பெலும்பின்மேல், கொமுரம்மா தன் இரு கைகளாலும் அழுத்தினாள். களைத்தபோதும் கையை எடுக்கவில்லை.

இறந்து பிறப்பதைத் தாய்க்குக் காட்டாமல் துணியிற் சுற்றி ஆண்களிடம் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஸ்வரூபாவின் கணவன் ஓதேலு அதற்காகவே வாயிலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். வலிகளுக்கிடையே ஸ்வரூபா, குழந்தையின் முகத்தைத் தனக்குக் காட்டுவார்களா என்று கேட்டாள்.

“மொதல்ல நீ பாரு,” என்றாள் கொமுரம்மா. “ஆம்பளைங்க நிக்கட்டும்.”

விளக்கேற்றுமுன் குழந்தை பிறந்தது. ஈரமான தலையை ஸ்வரூபாவே துடைத்தாள்.