மர்ஸூக்கின் இரண்டு வெற்றுக் கட்டங்கள்

அஸீஸாவின் ஆய்வுக் கட்டுரையின்படி அவளுடைய அண்ணன் மர்ஸூக் இன்னும் பெரிய ஆளாகவில்லை. ஓர் இளைஞன் எப்போது வளர்ந்த மனிதனாகிறான் என்று அளக்க அவளுடைய சமூகவியல் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: படிப்பு முடிய வேண்டும், தொழில் வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும், சொந்த வீடு வேண்டும். முப்பதை எட்டப்போகும் மர்ஸூக்குக்குக் கடைசி இரண்டும் வெற்று. இலங்கையில் யுத்தம் முடிந்து கற்பிட்டிக் கடலுக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதிலிருந்து, பெரிய பட்டத்தைப் பிடித்து அலைமேல் சறுக்க அவர்களுக்குப் பழக்குவதுதான் அவன் தொழில். தலைமயிரோ தேங்காய்த் தும்பு நிறம். ஊருக்கு அவன் வெறும் கடற்கரைப் பொடியன். அஸீஸாவும் கம்பஸ் தோழிகளின் கண்ணில் அவனைக் காட்டாமலே காலத்தை ஓட்டியவள்தான்.

பேட்டிக்கு ஓர் ஆள் குறைந்ததால் அவனையே பிடித்து உட்கார வைத்தாள்.

“நானா, ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கல்ல?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

“உன்ட கல்யாணம் முடியாம எப்படி?”

“சொந்த வீடு?”

“கட்டிட்டேனே. உன்ட பேர்ல இரிக்கி” என்று சிரித்தான். “வேற கேள்வி இல்லையா?”

அஸீஸாவுக்குப் பேனை ஓடவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்பது ஊர் வழக்கம். வாப்பா மவுத்தாகிக் கண்மூடிய பிறகு அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் இவன். ஒருநாளாவது அவள் நன்றி என்று சொன்னதில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவாப்பா ஹயாத்து முகம்மது, நிச்சயமாகியிருந்த அஸீஸாவின் நிக்காஹ் விஷயம் பேச வந்தார். தகப்பன் இல்லாத பெண்ணை, வொலி என்ற பொறுப்பாளனாக நின்று மாப்பிள்ளையிடம் பிடித்துக் கொடுப்பது அண்ணனின் உரிமை. பெரியவாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

“மாப்பிள்ளை வீட்டார் மதிப்பானவங்க. இந்தத் தலையோட இவன் வொலியா? நான் நிக்கிறேன்.”

மர்ஸூக் தரையைப் பார்த்தான். “நீங்களே நில்லுங்க, பெரியவாப்பா. தங்கச்சிட காரியம் நல்லா நடந்தாச் சரி.”

பெரியவர்கள் பேசும் இடத்துக்குக் கல்யாணப் பெண் வருவதில்லை. அஸீஸா வந்தாள்.

“என்னை ஆளாக்கினது என்ட நானா. அவர் புடிச்சுக் குடுத்தா எனக்குக் கல்யாணம். இல்லாட்டி வேணாம்.”

பெரியவாப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “சரி, உன்ட விருப்பம்” என்றார்.

நிக்காஹ் அன்று அவள் உள்ளறையில் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “என்ட தங்கச்சி அஸீஸாவை…” என்று தொடங்கிய மர்ஸூக்கின் குரல் பாதியில் உடைந்து நின்றது. “ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்க, மகன்” என்றது ஒரு குரல். பெரியவாப்பாவின் குரல். மர்ஸூக் முதலிலிருந்து தொடங்கி ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான். அஸீஸா, பக்கத்தில் பெண்கள் இருப்பதையும் மறந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டு அழுதாள்.