யாரைக் கூப்பிட்டாள்

ஐந்தரைக்கு இந்திரகுமார் எழுந்தான். பைப்படிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் பிடித்துவந்தான். கோழிக்கூட்டின் கொக்கியை எடுத்துவிட்டான். பல் துலக்கி, சவரம் செய்து, குளித்தான். கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்து அயன் பண்ணினான். முதலில் கொலர், பிறகு கை, கடைசியில் முதுகு. தரம் ஏழின் புவியியல் விடைத்தாள்களைப் பையில் வைத்தான். சிவப்புப் பேனா இருக்கிறதா என்று பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

முன்னறையில் சவப்பெட்டி இருந்தது. வாசலுக்குப் போகிற வழியை முக்கால்வாசி அடைத்திருந்தது.

"எங்கடா போற?" என்றாள் அவன் தாய் கருப்பாயி. பெட்டியின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூலுக்கு."

கருப்பாயி எழுந்து வந்து அவன் தோளிலிருந்து பையை இறக்கினாள். கையைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தாள். சட்டை கசங்கிவிடாமல் முதுகைச் சாய்க்காமல் அவன் உட்கார்ந்திருந்தான்.

பெட்டிக்குள் அவன் மனைவி ஜெனிற்றா. இருபத்தெட்டு வயது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வாரத்துக்கு முன் பெய்த மழையில் லயத்து வீடுகளின் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் வாசற்படிக்கு ஏறியது. வெறுங்காலோடு இறங்கி மண்வெட்டியால் வழித்துவிட்டது அவள்தான். போன வெள்ளிக்கிழமை காய்ச்சல் கண்டது. பனடோல் கொடுத்தான், கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தான். திங்கட்கிழமை விடியும்போது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. நஸீம் நானாவின் ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே பேச்சு நின்றுவிட்டது. செவ்வாய் மத்தியானம் உயிர் போனது. எலிக்காய்ச்சல் என்றார் டொக்டர். ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார். திட்டுகிற மாதிரிக்கூடச் சொல்லவில்லை.

இன்று வியாழன். எடுக்கிற நாள். பெட்டியின் மூடி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதன் நடுவில் இரண்டு துளைகள். பெட்டி விற்கிற மல்சாலா முதலாளி சிங்களவர். நேற்று மூடியை இறக்கிவைத்துவிட்டு, "மாத்தயா, குருசா, ஓமா?" என்று கேட்டார். இவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் ஒரு பொலித்தீன் பையில் இரண்டையும் போட்டு, கூடவே இரண்டு திருகாணியையும் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு யோசப் வந்தார். ஜெனிற்றாவின் அப்பா. கூட சேர்ச்சிலிருந்து மூன்று பெண்கள். பெண்கள் உள்ளே வந்து அழுதார்கள். யோசப் வரவில்லை. பைப்படிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாலு வருஷமாக இந்த லயத்துப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை.

கோயில் தலைவர் ஐயாவு யோசப்புக்கும் கருப்பாயிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். பைப்படிக்கும் வாசலுக்குமாக ஐந்தாறு தடவை.

"பொண்ணோட அப்பா, பாதர் மந்திரிச்ச மண்ணுல வைக்கணும்ங்கிறாரு," என்றார் ஐயாவு. "டவுன் சேர்ச் மயானத்துல."

"எம் மருமக எங்க மேட்டு மயானத்துலதான் இருக்கணும்," என்றாள் கருப்பாயி. "அவ மாமனாரு பக்கத்துல. நாலு வருஷமா ஒரு பாக்கு வெத்தலயோட எட்டிப் பாக்காத மனுஷன், இன்னைக்குப் பொணத்தக் கேட்டு வந்து நிக்கிறாரு. கேளுங்க அவருகிட்ட, அவளுக்கு என்ன கொழம்பு புடிக்கும்னு கேளுங்க."

பைப்படியிலிருந்து யோசப் சொன்னார்: "நெத்திலிக் கருவாடு."

சரியான பதில்தான்.

கதவு நிலைக்கு மேலாக மலை தெரிந்தது. மழை விட்ட காலைகளில் மட்டும் தெரிகிற கூரான நீல முனை. போன மாதம் அதைத்தான் தரம் ஏழுக்கு நடத்தினான். சின்னத் தீவு, நடுவில் மலைநாடு, உச்சியில் ஒரு பாதத் தடம். சிவனுடையது என்று நாம் சொல்கிறோம், புத்தருடையது என்று சிங்களவர்கள், ஆதம் நபியுடையது என்று முஸ்லிம்கள், ஆதாமுடையது என்றோ தோமையாருடையது என்றோ கிறிஸ்தவர்கள். ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப நெசமா யாரு காலு சேர்?" என்று கேட்டது. பரீட்சைக்கு நாலையும் எழுதச் சொன்னான். வீட்டில் வந்து சொன்னபோது ஜெனிற்றா சட்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "அது கெடக்கட்டும். இன்னொரு கால எங்க வச்சாராம்?"

அந்த மலையில்தான் அவளை முதலில் பார்த்தான். சீசனில் தோட்டத்துச் சனத்தோடு பஸ்ஸில் வந்திருந்தாள். சிவனொளிபாதம் என்றால் யோசப் விடமாட்டார். "ஆதாம் மலைக்குத்தான்ப்பா போறேன்" என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். பாதி வழித் தேநீர்க் கடையில், நடுங்கிக்கொண்டு, அதை அவனிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கடித உறையை ஐயாவு கேட்டு வாங்கிப் பிரித்தார். மஞ்சள் கயிறு. அதில் தாலி, அதற்குப் பக்கத்திலேயே சின்ன மாதா மெடல்.

"ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு," என்றார் ஐயாவு. பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சண்ட வேணாம். அந்தப் புள்ள கடைசியா யாரக் கூப்புட்டுச்சு? மாரியம்மான்னுச்சா, மாதாவேன்னுச்சா? அது வாயால என்ன வந்துச்சோ அதுபடி செஞ்சுருவோம். பக்கத்துல இருந்தது குமாருதான். குமாரு சொல்லட்டும்."

யோசப் பைப்படியை விட்டு வாசல்வரை வந்தார். படியில் ஏறவில்லை. முற்றத்துச் சேற்றில் நின்றபடி மருமகனை நிமிர்ந்து பார்த்தார். அவன் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவர் கூப்பிட்டதே கிடையாது. தோட்டத்தில் எல்லாரும் கூப்பிடுகிறபடிதான் கூப்பிட்டார்.

"சேர். அவ நல்லாப் பேசிக்கிட்டிருந்த நாலு வருஷமும் நான் பேசல. அது என் பாவம். அத நான் பாத்துக்கிறேன். அவ கடைசில ஜெபம் ஏதும் சொன்னாளா? ஒரு வார்த்த. ஒரு வார்த்த போதும் சேர்."

இந்திரகுமார் அவருடைய தொப்பியைப் பார்த்தான். அதன் விளிம்பை அவர் விரல்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மேட்டு மயானம் இங்கிருந்து ஐந்து நிமிஷம். பாடசாலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. காலையிலும் பின்னேரத்திலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். டவுன் பதினான்கு கிலோமீட்டர்.

"மாதாவேன்னு சொன்னா," என்றான்.

யோசப்பின் வாய் கோணியது. ஆனாலும் பயந்த மனிதர். கேட்டது போதவில்லை. படலை ஓரம் ஆட்டோவில் சாய்ந்து நின்ற நஸீம் நானாவைத் திரும்பிப் பார்த்தார். "நானா, நீங்கதானே ஓட்டுனீங்க. நீங்களும் கேட்டீங்களா?"

நஸீம் நானா இந்திரகுமாரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ஜின் சத்தம் ஐயா. ரோட்டும் மோசம்." தொண்டையைச் செருமினார். "மாதான்னுதான் கேட்டிச்சு."

அவ்வளவுதான். யோசப் படியில் உட்கார்ந்து, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். சேர்ச்சுப் பெண்கள் செபமாலையைத் தொடங்கினார்கள். பொலித்தீன் பையை எடுத்து நஸீம் நானாவே குருசை மூடியில் வைத்து, ஸ்க்ரூட்ரைவரால் முறுக்கினார். ஓம் பைக்குள் தனியாகக் கிடந்தது.

கருப்பாயி எண்ணெய் விளக்கைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "மெழுகுதிரி எங்கிட்டு வைக்கணும்? தலமாட்டுலயா, கால்மாட்டுலயா? சொல்லுங்க, எனக்குத் தெரியாது," என்று அந்தப் பெண்களிடம் கேட்டாள்.

பிறகு அடுப்படியில் மகனைத் தனியாகப் பிடித்தாள்.

"நெசமா அப்புடித்தான் சொன்னாளா?"

"ம்."

"சரி. அவ சாமி அவளுக்கு." சேலைத் தலைப்பால் அடுப்புத் திட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "என்னையக் கூப்புடலியா? அத்தைன்னு ஒரு தடவ?"

ஆமென்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு இரண்டாவது பொய்க்கு வாய் வரவில்லை. கேத்தலை எடுத்து, ஆறிப்போன தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பவும் நிரப்பினான்.

டவுனில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாதர் தண்ணீர் தெளித்தார். யோசப் ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"போடுங்க மாப்புள."

போட்டான்.

சனம் வேனில் போய்விட்டது. மூன்று மணிக்கு நஸீம் நானா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்திரகுமார் பின்னால் ஏறினான். பஸ் நிலையம், மீன் கடைகள், பள்ளிவாசல், போதிமரத்துச் சந்தி. பிறகு தோட்டத்து ரோடு தொடங்கியது. பாலத்தருகே நானா முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"சேர், அன்னைக்கி நான் ஒரே அழுத்தா அழுத்தியிருக்கணும். கொறைச்சிருக்கக் கூடாது."

"டொக்டர் ஒரு நாள்னாரு நானா. பத்து நிமிஷம்னு சொல்லல."

"இல்ல, இருந்தாலும்."

"விடுங்க."

"அந்தப் பெரியவரு கேட்டப்ப என்னால அதச் சொல்ல முடியல சேர். அல்லா மன்னிக்கணும்."

"என்னாலயும்தான்."

ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை வந்தது. தொழிற்சாலைக்குக் கீழே பதினொரு வளைவுகள். ஆட்டோ நடக்கிற வேகத்தில் ஏறியது. மண் சரிந்த இடத்தில் கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிக் கட்டியிருந்த வளைவு வந்ததும் இந்திரகுமார் வெளியே பார்த்தான். திங்கட்கிழமை இங்கேதான் அவள் அவன் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டித் தடவி, முன் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா, கொஞ்சம் மெதுவா போங்க. இவருக்கு வளைவுல வாந்தி வரும்."